ஒரு துளியும் இல்லாத பஞ்ச்

தன்னாமுனை றொசானிக்குப் பயப்படுவதற்குக் காரணம் தேவையில்லை. வயது நாற்பத்தொன்பது ஆகிறது, இருபத்தேழு வருடமாகத் தையல் மெசினுக்கு முன்னால் இருக்கிறாள். இன்னும் ஒரு சட்டையைக் கொடுத்தனுப்பிய அடுத்த நிமிடமே "கை இறுக்குமோ, கழுத்து அகண்டு போச்சோ" என்று கையைப் பிசையத் தொடங்கிவிடுவாள். சட்டை போட்டவர் சந்தோசமாகக் கோயிலுக்குப் போய் வந்து, கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்திருப்பார். இவள் இங்கே அளவுக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருப்பாள். புருசன் அன்ரோ மேசன். கட்டிய சுவரை ஒரு நாளும் திரும்பிப் பார்க்காத மனுசன். "பயப்பட ஒண்டும் கிடைக்காட்டி, ஏன் ஒண்டும் கிடைக்கல்ல எண்டு பயப்படுவாய் நீ" என்பான். சரியாகத்தான் சொன்னான்.

ஆனால் இந்தக் கிறிஸ்து பிறப்பு நத்தாருக்கு அவளுக்குப் பயப்பட மெய்யாகவே காரணம் இருந்தது. ஏறாவூர் நஸ்ஹா வருகிறாள்.

நஸ்ஹாவின் புருசனுக்கு ஏறாவூரில் பிள்ளைகள் உடுப்புக் கடை. துணி அங்கேயிருந்து வரும், றொசானி வெட்டித் தைத்துக் கொடுப்பாள். ஒரு காலத்தில் துணி மூட்டையோடு நஸ்ஹாவே வருவாள். வந்தால் லேசில் போகமாட்டாள். மெசினுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, பொத்தான் தைத்துக்கொண்டே இரண்டு ஊர்க் கதையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழும்புவாள். மகள் இர்ஷானா பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு வந்த வெளிவீடு இந்த வீடுதான். அந்தப் பிள்ளைக்கு முதல் சட்டை தைத்துப் போட்டவளும் றொசானிதான். பன்னிரண்டு வருடம் அப்படிப் போனது.

பிறகு அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. மட்டக்களப்பு நகரத்துத் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. வெடிக்க வைத்தவன் ஒரு முஸ்லிம் பொடியன் என்று ஊரெல்லாம் கதை. றொசானி வீட்டில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த நேரம் எல்லோரும் ஊர்க் கோயிலில் பூசையில் இருந்தார்கள். ஆனால் அன்ரோவோடு வேலை செய்த ஒருவரின் சின்ன மகள் போய்விட்டாள். அடக்கத்துக்குப் போய் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. பார்த்தால் நஸ்ஹா. றொசானி போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் பதினொரு தரம் அடித்தது. பதினொரு தரமும் அவள் எடுக்கவில்லை. நாலாம் நாள் போன் அடிக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று நஸ்ஹா கேட்கவுமில்லை, இவள் சொல்லவுமில்லை. ஆறு மாதம் கழித்து ஆம்பிளைகள் இரண்டு பேரும் கதைத்துத் தையல் வேலையைத் திரும்பத் தொடக்கிவிட்டார்கள். துணி மூட்டை ஓட்டோக்காரர் கோணாமலையின் ஓட்டோவில் வந்தது, தைத்ததும் அதே ஓட்டோவில் போனது. பெண்கள் இருவரும் போனில் அளவு மட்டும் பேசினார்கள். "இருபத்தெட்டு அங்குலம்." "ஓம்." "பத்துச் சட்டை." "சரி." ஐந்தரை வருடம் இப்படியே ஓடிவிட்டது என்றால் பாருங்கள்!

இந்த ஐப்பசியில் றொசானிக்குப் பித்தப்பையில் கல்லெடுத்தார்கள். ஆசுப்பத்திரியில் மூன்றாம் நாள் கண்ணை முழித்துப் பார்த்தால், தலைமாட்டில் கஞ்சிப் பிளாஸ்க்கோடு நஸ்ஹா நிற்கிறாள். கஞ்சியை ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிந்ததும் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் புறப்பட்டபோது, "நத்தாருக்கு வாங்களன் நஸ்ஹா" என்றாள் றொசானி. "பாப்பம் அக்கா" என்றாள் அவள். அதோடு போய்விட்டாள்.

டிசம்பர் இருபதாம் திகதி போன் வந்தது. "வாறன் அக்கா. இர்ஷானாவையும் கூட்டிக்கிட்டு வாறன். சாப்பாடு ஒண்டும் வேணாம், குறை நினைக்காதீங்க. குளிரா என்னவும் குடிக்கத் தாங்க, அது போதும்."

அவ்வளவுதான், றொசானிக்கு நித்திரையும் போயிற்று பசியும் போயிற்று. ஐந்தரை வருடத்துக்குப் பிறகு நஸ்ஹா வாசல் படலை தாண்டி வருகிறாள். கொடுக்கப் போவது ஒரு கிளாஸ் பழச்சாற்றுப் பஞ்ச். அந்த ஒரு கிளாஸில் பிழை வந்தால் பிறகு வாழ்நாளைக்கும் அங்குலக் கதைதான்.

பஞ்ச் அந்த வீட்டில் புதிதல்ல. நத்தார் பகலில் சொந்தம் எல்லாம் கூடினால் இருபது இருபத்தைந்து பேர் வரும். பனிச்சங்கேணியிலிருந்து தங்கச்சி குடும்பம் வாகனம் பிடித்து வந்திறங்கும். எல்லோருக்கும் முதலில் பஞ்ச், பிறகுதான் சோறு. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அன்ரோவின் தம்பி பிறின்ஸ் ஒவ்வொரு வருடமும் யாரும் பார்க்காத நேரம் சாராயப் போத்தலைச் சரித்துவிடுவான். எல்லோருக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். கோயில் மூப்பர்கூட இரண்டாம் கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "இஞ்சிக் காரம் நல்லா இரிக்கு" என்று சொல்லிப் போயிருக்கிறார்.

"இந்த முறை ஒரு துளி விழுந்திச்செண்டா, நான் மனுசியா இருக்கமாட்டன்" என்று றொசானி நாலு நாளைக்கு முதலே பிறின்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். பன்றியிறைச்சிக் கறியையும் அவன் வீட்டிலேயே காய்ச்சி, அங்கேயே சாப்பிடச் சொல்லிவிட்டாள். அவனுக்கு முகம் தொங்கிப் போயிற்று.

"நத்தாரா மச்சாள் இது, தவக்காலமா?"

"உனக்கு எந்தக் காலமெண்டாலும் ஒண்டுதானே. வாயப் பொத்திக்கிட்டுப் போ."

அதோடு விட்டாளா? பழைய சட்டியில் எந்தக் காலத்துப் பன்றி நெய் ஒட்டியிருக்குமோ என்று நகரத்துக்குப் போய்ப் புது எவர்சில்வர் பேசின் ஒன்று வாங்கினாள். புது அகப்பை, புதுக் கத்தி, பழம் வெட்டப் புதுப் பலகை, ஒரு டசின் புதுக் கிளாஸ். அன்ரோ சாமானைப் பார்த்துவிட்டு, "கொடித்தோடைப் பழமும் புதுசா ஒரு கொடி நட்டுத்தான் பறிக்கப் போறியா?" என்று கேட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் செய்தாள். அந்த வீட்டில் ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த கையோடு கேக்குக்குப் பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை, செரி, பாகில் ஊறிய இஞ்சி எல்லாவற்றையும் நறுக்கிப் பிராண்டியில் ஊற வைப்பது வழக்கம். நத்தார் கேக்குக்குப் போட்டு மிஞ்சுவதைப் புதுவருடக் கேக்குக்கு என்று சிவப்பு மூடி ஜாம் போத்தலில் வைத்திருப்பாள். பஞ்சுக்கும் அதிலிருந்துதான் ஒரு கை அள்ளிப் போடுவாள். இந்த வருடம் அது எப்படிச் சரிவரும்? அதனால் வேறு பிளம்ஸ் வாங்கிக் கழுவி, தோடம்பழச் சாற்றில் ஒரு நாள் ஊறவிட்டு, தனியாக இன்னொரு ஜாம் போத்தலில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வைத்தாள். அதற்கும் சிவப்பு மூடிதான்.

நத்தார் காலைப் பூசை முடிந்து வந்து சேலையைக்கூட மாற்றவில்லை, வேலையைத் தொடங்கிவிட்டாள். சீனியைத் தண்ணீரில் போட்டுக் கறுவாவும் கராம்பும் சேர்த்துக் காய்ச்சினாள். தேயிலைச் சாயத்தை வடித்து ஆறவிட்டாள். கொடித்தோடையைப் பிழிந்து, அன்னாசியையும் அப்பிளையும் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டுத் தேசிக்காய் விட்டாள். ருசி பார்த்தாள், இனிப்புக் கூடிப்போச்சோ என்று தேசிக்காய் விட்டாள், புளித்துப் போச்சோ என்று பாகு விட்டாள். பேசினை மூடி, மூடிக்கு மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். பிறின்ஸ் குசினிப் பக்கம் மூன்று தரம் வந்தான். தண்ணீர் குடிக்க என்றான், நெருப்புப் பெட்டி எடுக்க என்றான், மூன்றாம் தரம் காரணம் ஒன்றும் அகப்படாமல் சும்மா நின்றான். மூன்று தரமும் அகப்பையைக் காட்டித் துரத்தினாள்.

பதினொன்றரைக்கு மூடியைத் திறந்து ஐஸைக் கொட்டினாள். இஞ்சிப் பியரை ஊற்றினாள்; பெயர்தான் பியர், உள்ளே வெறும் இஞ்சிச் சோடா. இனிப் பிளம்ஸ் போட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துப் படலையடியில் ஓட்டோ ஹோர்ன் கேட்டது. "வந்திட்டாங்க!" என்று யாரோ பிள்ளை கத்தியது. றொசானி ஓடிப்போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தாள், பாதியைப் பேசினில் கொட்டினாள், ஒரு கிளறு கிளறினாள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

நஸ்ஹா இறங்கி நின்றாள். பக்கத்தில் இர்ஷானா, தாயைவிட அரைச் சாண் உயரம். றொசானி கண்ணால் அளந்துவிட்டாள். முதல் சட்டை பதினொரு அங்குலம் என்பது ஞாபகம் வந்து கண் கலங்கியது. "என்ன நஸ்ஹா, இப்பிடி வளந்திட்டாள்!" என்றாள். நஸ்ஹா சிரித்தாள். பிள்ளை பாலன் குடிலைப் பார்க்க மற்றப் பெட்டைகளோடு முற்றத்துக்குப் போயிற்று. நஸ்ஹா உள்ளே வந்து, கதிரைகள் கிடக்க, மெசினுக்குப் பக்கத்தில் பழைய இடத்தைப் பார்த்தாள். அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் கிளாஸ் அவளுக்குத்தான். றொசானி இரண்டு கையாலும் நீட்டினாள். "எல்லாம் புதுச் சாமான் நஸ்ஹா. பேசின், கத்தி, எல்லாம் உங்களுக்கெண்டே வாங்கின. ஒரு துளி ஒண்டும் இல்ல" என்றாள்.

"ஏன் அக்கா இவ்வளவு பாடு? உங்கட கையால தந்தா நான் ஏன் யோசிக்கன்?" என்று சொல்லி, நஸ்ஹா வாங்கிக் குடித்தாள். முழுவதும் குடித்தாள். கரண்டியால் அடியில் கிடந்த பிளம்ஸை வழித்தும் சாப்பிட்டாள். "நல்லா இரிக்கு அக்கா. இந்தப் பிளம்ஸ் என்ன ருசி!" என்றாள்.

அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, ஐந்தரை வருடத்தில் றொசானி பயமில்லாமல் இருந்தது அந்த ஐந்து நிமிடந்தான். சொந்தங்களுக்கெல்லாம் கிளாஸ் போயிற்று. பிறின்ஸ் ஒரு மிடறு குடித்தான். கண்ணை விரித்துக் கிளாஸைப் பார்த்தான். குசினிக் கதவடியில் வந்து நின்று கண்ணடித்தான்.

"மச்சாள், ஊரை ஏமாத்துறியள் என்ன? என்னை மட்டும் துரத்திப்போட்டு…"

றொசானிக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. "ஊத்திட்டியாடா? ஊத்திட்டியா, பாவி!"

"நானா? சிலுவை சத்தியமா இல்ல மச்சாள்! கிட்டப் போகவும் விடல்லயே நீங்க."

அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது அவன் காதைச் சொறிவான்; இப்போது சொறியவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். மேல்தட்டில் தோடம்பழச் சாற்றுப் போத்தல் வைத்த இடத்தில் வைத்தபடி, நிறைய இருந்தது. கதவுத் தட்டில், இருபது வருடமாகப் பிராண்டிப் பழம் இருக்கிற இடத்தில், மற்றப் போத்தல் பாதியாக நின்றது. நின்று பார்த்திருந்தால் நிறமே காட்டிக் கொடுத்திருக்கும். அவள் பார்க்கவில்லை. கை பழகிய இடத்துக்குப் போய் எடுத்துவிட்டது.

குசினி நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். அன்ரோ வந்தான். விசயத்தைக் கேட்டதும் முதலில் பிறின்ஸை வெளியே அனுப்பினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"இஞ்ச பாரு. அதுக்குள்ள எவ்வளவு இருக்கப் போகுது? ஒரு கரண்டி வருமா? தெரிஞ்சா நீ செய்தாய்? சொன்னா நஸ்ஹா இனி இந்தப் படலை மிதிக்கமாட்டா. சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்? பேசாம இரு."

சரிதானே என்று இருந்தது அவளுக்கு. யாருக்குத் தெரியும்? அந்த நேரம் முன்னறையிலிருந்து நஸ்ஹாவின் குரல் வந்தது. "அக்கா, இர்ஷானாவுக்கும் ஒண்டு ஊத்தித் தாங்களன், நான் கொண்டுபோய்க் குடுக்கன்."

அதற்கும் வழியிருந்தது. முடிந்துபோயிற்று என்று சொல்லிச் சோடா ஒன்றை உடைத்துக் கொடுக்கலாம். தாய் குடித்தது குடித்ததாக இருக்கும், பிள்ளை தப்பிவிடும், நத்தார் நத்தாராக முடியும். றொசானி சோடாப் போத்தலை எடுத்தும் விட்டாள். சொல்லாமல் இருப்பது அவளுக்குத் தெரியாத வேலையா? பதினொரு தரம் செய்து பழகிய வேலை. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கட்டில் ஞாபகம் வந்தது. சோடாவை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள்.

"நஸ்ஹா, ஒருக்காக் கிணத்தடிக்கு வாங்க."

கிணற்றடியில் வைத்துச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், இரண்டு போத்தல் கதையையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். நஸ்ஹா வாளியில் தண்ணீர் அள்ளி, மூன்று தரம் வாய் கொப்பளித்தாள். முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"தெரியாமக் குடிச்சதுக்கு அல்லாஹ் குற்றம் பிடிக்க மாட்டான்" என்றாள், தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பிறகு, "இத நீங்க சொல்லாம விட்டிருக்கலாமே அக்கா" என்றாள்.

"ஓம். விட்டிருக்கலாம்."

"அப்ப மத்ததையும் சொல்லுங்க. அண்டைக்கு ஏன் போன் எடுக்கல்ல?"

ஐந்தரை வருடமாக இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் தைத்து வைத்திருந்தாள். சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை, காய்ச்சலாகக் கிடந்தேன்.

"பயம். எடுத்தா என்ட வாயால 'உங்கட ஆக்கள்' எண்டு வந்திருமோ எண்டு பயம். அந்தக் குழந்தைட பெட்டியப் பாத்திட்டு வந்து இருக்கன் நஸ்ஹா… மனசுக்குள்ள அப்பிடித்தான் இருந்திச்சு. இல்லயெண்டு பொய் சொல்ல ஏலாது. பிறகு வெக்கம். நாள் போகப் போக வெக்கம் கூடிப் போச்சு."

நஸ்ஹா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் எதுக்குப் போன் அடிச்சனான் தெரியுமா? நீங்க எல்லாரும் உசிரோட இரிக்கீங்களா எண்டு கேக்க. ஊரடங்கில வெளிய வரவும் ஏலாது, கேக்கவும் ஆளில்ல. நாலாம் நாள்தான் கோணாமலை அண்ணன் சொன்னார், உங்கட வீட்டில ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல எண்டு. அதோட போன் அடிக்கிறத விட்டுட்டன்."

நஸ்ஹா முற்றத்துக்குப் போய் மகளைக் கூப்பிட்டாள். அன்ரோவிடம் "வாறன் அண்ணன்" என்றாள். ஓட்டோவில் ஏறினாள். திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்று றொசானிக்குத் தெரியாது. கண் நிறையத் தண்ணீர்.

பின்னேரம் சொந்தமெல்லாம் கலைந்து போயிற்று. மிஞ்சிய பஞ்சை வாழையடியில் கொண்டுபோய் ஊற்றினாள். "அநியாயம்" என்றான் பிறின்ஸ். அவள் பார்த்த பார்வையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்ரோ சொல்லிக் காட்டவில்லை, அது அவன் குணம். புதுப் பேசினைச் சாம்பல் போட்டுத் தேய்த்தபடி கிணற்றடியில் குந்தியிருந்தாள். நஸ்ஹா புருசனிடம் சொல்லியிருப்பாள், அவர் என்ன சொன்னாரோ. பிள்ளைக்கு முன்னால் சொல்லியிருப்பாளோ. இனித் தையலும் வராதோ. தையல் போனால் போகட்டும், ஒரு வார்த்தை ஏசிவிட்டாவது போயிருக்கலாமே. தேய்த்த இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போன் அடித்தது. பேசினைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசற்படியில் கால் தடக்கிப் பெருவிரல் நகம் பெயர்ந்தது. சாம்பல் கையோடு முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள்.

"நஸ்ஹா!"

இத்தனை வேகமாக எடுப்பாள் என்று அந்தப் பக்கம் அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"அக்கா… நாப்பது சட்டைக்குத் துணி வந்திரிக்கு. திங்கக்கிழமை கொண்டு வாறன்."

"கோணாமலை அண்ணன்ட்டக் குடுத்து விடுங்களன்" என்றாள் றொசானி, ஐந்தரை வருடப் பழக்கத்தில்.

"இல்ல. நான்தான் வாறன்."

றொசானி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"குடிக்க மட்டும் ஒண்டும் கலக்காதீங்க" என்றாள் நஸ்ஹா. "பச்சத் தண்ணி போதும்."

"ஓம்" என்றாள் றொசானி. "ஓம் நஸ்ஹா. பச்சத் தண்ணி." சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் போனை வைத்தாள். வைத்த கையோடு கிணற்றடிக்கு வந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். உப்பு வாவிப் பக்கத்துக் கிணறாயிற்றே. திங்கட்கிழமைக்குள் உப்பு ஏறிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.